பிரம்பு போயிற்று, பின்னர்?

சென்ற மாதம் நம் மன்றத்தின் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். நண்பர் ஒருவர் என் பக்கம் திரும்பி, "நீங்கள் பள்ளி ஆசிரியராக இருந்தவராமே! இக்காலப் பிள்ளைகளிடம் ஒழுங்கு என்பதே இல்லையாமே, உண்மைதானா?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். 'ஆம்' என்று சொன்னாலும் பொய். 'இல்லை' என்று சொன்னாலும் பொய். தேநீர் ஆறிப்போகிறது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

எம்.ஏ. வகுப்பில் சேருமுன் ஓராண்டுக் காலம் அமீர்பேட்டில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு ஆசிரியனாக இருந்தேன். அமீர்பேட்டை அறியாதவர் நம்முள் இருக்க முடியாது. மெட்ரோ ரயிலின் இரண்டு தடங்கள் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் அது. மைத்ரிவனத்தின் எதிரே நின்று அண்ணாந்து பார்த்தால் வானம் தெரியாது. விளம்பரப் பலகைகளே தெரியும். கணிப்பொறி மொழிகளைக் கற்பிக்கும் பயிற்சி நிலையங்கள் மாடிக்கு மாடி, அறைக்கு அறை. ஆதித்யா என்கிளேவ் என்னும் கட்டடத் தொகுதியில் ஒரு பகுதிக்கு 'நீலகிரி' என்று பெயர். ஊர் நினைவு வந்து அந்தப் பெயர்ப்பலகையின் அடியில் நின்ற நம் ஆட்கள் பலர். நானும் நின்றிருக்கிறேன், குளிர்தான் இல்லை.

அப்பயிற்சி நிலையங்களில் ஒரு வழக்கம் உண்டு. முதல் ஓரிரு வகுப்புகளைக் கட்டணமின்றிக் கேட்கலாம். அதற்கு 'டெமோ' என்று பெயர். பிடித்திருந்தால் பணம் கட்டலாம். இல்லையேல் எழுந்து அடுத்த மாடிக்குப் போகலாம். நானும் ஒருநாள் போய் உட்கார்ந்தேன். நூற்றுக்குக் குறையாத பேர். தோளோடு தோள் இடிக்கும் நெருக்கம். ஒருவரும் வாய் திறக்கவில்லை! ஒலிபெருக்கியில் ஆசிரியர் பேசுகிறார், பேனாக்கள் ஓடுகின்றன. பிரம்பு இல்லை, அதட்டல் இல்லை, வருகைப் பதிவேடும் இல்லை. நூறு பேர் கட்டுப்பாட்டின் உருவமாய் வீற்றிருக்கிறார்கள்.

அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது என் பள்ளி. கீழே கடைகள்; மேலே குடியிருப்பாகக் கட்டப்பட்ட மூன்று தளங்களில் வகுப்புகள். என் வகுப்பில் ஐம்பத்திரண்டு பிள்ளைகள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிய உடனே முதுகுக்குப் பின்னால் சந்தை கூடிவிடும். என் தெலுங்கு, வீட்டுக்கார அம்மையார் பெரியவர்களோடு பேசுவதைக் கேட்டுப் பழகிய தெலுங்கு. ஆகையால் ஒரு நாள் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவனைப் பார்த்து மிகுந்த மரியாதையோடு, 'கூர்ச்சோண்டி' என்று சொல்லிவிட்டேன். 'உட்காருங்கள் ஐயா' என்பதற்கு நிகர்! வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. அன்று முதல் எனக்கு அந்தப் பள்ளியில் அதுவே பெயராயிற்று.

அந்த நூறு பேர் ஏன் அமைதியாக இருக்கிறார்கள், இந்த ஐம்பத்திரண்டு பேர் ஏன் அமைதியாக இல்லை? ஓராண்டு முழுதும் என்னைத் துளைத்த கேள்வி இதுதான்.

'காலம் கெட்டுவிட்டது' என்று விடை சொல்வது எளிது. ஆனால் காலம் எப்போது கெடாமல் இருந்தது? நன்னூலார் எழுநூறு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே மாணாக்கரைத் தரம் பிரித்துக் கடைத்தரத்தாரை ஓட்டைக் குடத்துக்கும், ஆட்டுக்கும், எருமைக்கும் ஒப்பிட்டார். மேயும் இடத்தில் நில்லாத ஆடும், குளத்தைக் கலக்கிய பிறகே குடிக்கும் எருமையும் அவர் வகுப்பில் இல்லாமலா எழுதியிருப்பார்? அதே நூல் ஆசிரியராகத் தகாதவரையும் விட்டுவைக்கவில்லை என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்! திண்ணைப் பள்ளிக்கூடத்திலோ பிரம்போடு கோதண்டமும் இருந்தது. பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் தண்டனை அது. இத்தனை கொடுமை தேவைப்பட்டது என்றால், அந்தக் காலத்துப் பிள்ளைகளும் சும்மா இருக்கவில்லை என்றுதானே பொருள்?

நாடு விடுதலை பெற்ற பின்பு, 1952-இல், இடைநிலைக் கல்வியை ஆராய அரசாங்கம் ஒரு குழுவை அமைத்தது. தலைவர் நம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார். 1953-இல் வெளிவந்த அதன் அறிக்கையில் மாணவரின் ஒழுக்கமும் கட்டுப்பாடும் பற்றித் தனி ஆராய்ச்சியே உண்டு. அதாவது, இன்று எழுபது எண்பது வயதுத் தாத்தாக்கள் பள்ளியில் அடியெடுத்து வைத்த காலத்திலேயே 'ஒழுங்கு குறைகிறது' என்ற கவலை எழுந்துவிட்டது. அந்தத் தாத்தாக்கள்தாம் இன்று நம்மைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.

முதலியார் குழு சொன்னவற்றுள் ஒன்று என் நெஞ்சில் தைத்தது. ஒரு வகுப்பில் முப்பது மாணவர் இருப்பதே நலம். எக்காரணத்தாலும் நாற்பதைத் தாண்டலாகாது என்று அது கூறியது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியராவது வேண்டும் என்கிறது. எனக்கு வாய்த்தவர் ஐம்பத்திரண்டு பேர். கணக்கு ஆசிரியன் ஆதலால் கணக்கே போட்டுக் காட்டுகிறேன். ஒரு பாடவேளை நாற்பது நிமிடம். அதில் வேறொன்றும் செய்யாமல் பிள்ளைகளைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தாலும் ஒருவனுக்குக் கிடைப்பது நாற்பத்தாறு விநாடி. ஒரு குறிப்பேட்டைத் திருத்த இரண்டு நிமிடம் என்று கொண்டால், ஐந்து பிரிவுகளின் குறிப்பேடுகளுக்கு எட்டு மணி நாற்பது நிமிடம். அதை இரவில் விடுதி அறையில் செய்யவேண்டும். மறுநாள் காலையில் 'மலர்ந்த முகத்தோடு' வகுப்புக்குள் நுழையவேண்டும்! கூச்சலிடும் பிள்ளை பல நேரங்களில், தன் நாற்பத்தாறு விநாடியைச் சற்று நீட்டித் தரும்படி கேட்கிறான் என்றே எனக்குத் தோன்றிற்று.

இனி, பிரம்பின் கதை. பள்ளியில் அடிக்கலாம் என்று இருந்த விதியை 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் செல்லாதென்றது. ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசம் 2002-இலும், தமிழ்நாடு 2003-இலும் தங்கள் கல்வி விதிகளைத் திருத்தி உடல் தண்டனையை விலக்கின. பிறகு 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பிள்ளையை அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் ஒருசேரத் தடுத்தது. மீறுவோர்மீது பணி விதிகளின்படி நடவடிக்கை உண்டு. வெளிநாடுகளிலும் இது ஒரே நாளில் நடந்ததன்று. பிரிட்டனில் அரசுப் பள்ளிகளிலிருந்து பிரம்பை அகற்றும் சட்டம் 1986-இல்தான் வந்தது. சுவீடனோ 1979-இலேயே வீட்டில் பெற்றோர் அடிப்பதையும் தடுத்துவிட்டது.

இச்சட்டங்களையெல்லாம் நான் இன்று ஒப்பிக்கிறேன். ஆசிரியனாய் இருந்தபோது அறிந்திருந்தேனா? அறிந்திருந்தேன். அறிந்தும் அடித்தேன்.

நடந்தது இதுதான். என் 'கூர்ச்சோண்டி' தெலுங்கை யாரோ ஒருவன் செல்போனில் படம்பிடித்துப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். அது ஆசிரியர் அறைவரைக்கும் வந்து சேர்ந்தது. மறுநாள் மூன்றாம் பெஞ்சில் ஒருவன் மேசைக்கடியில் செல்போனை வைத்துக்கொண்டு குனிந்திருந்தான். நேரே போய்க் கன்னத்தில் அறைந்தேன். வகுப்பு அடங்கிவிட்டது. நான் வந்த நாளிலிருந்து அப்படி அடங்கியதே இல்லை. உண்மையைச் சொல்கிறேன்: அந்த ஒரு கணம் எனக்கு இனித்தது. மாலையில் தெரிந்தது, படம் பிடித்தவன் அவன் அல்லன்.

அடுத்த நாள் அவன் தந்தை வந்தார். எனக்குக் கை கால் நடுங்கிற்று. பணி போகும், காவல் நிலையம் வரைக்கும் போகலாம் என்றெல்லாம் எண்ணினேன். அவரோ பயிற்சி நிலையங்களின் துண்டுத் தாள்களைச் சாலை முனையில் நின்று போவோர் வருவோர்க்குக் கொடுக்கும் தொழிலாளி. வெயிலில் கறுத்த முகம். என் கையைப் பற்றிக்கொண்டு தக்காண உருதுவில் சொன்னார்: "சார், எலும்பு எங்களுடையது, தோல் உங்களுடையது." நம் ஊரில் 'கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள்' என்று சொல்வார்களே, அதே வழக்கு. அவர் எனக்கு நன்றி கூற வந்திருந்தார்! பையன் அவர் பக்கத்தில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். தன் தோலைத் தந்தை வேறொருவனுக்கு எழுதிக் கொடுப்பதைக் கேட்டுக்கொண்டு நிற்கும் பிள்ளையின் முகத்தை நான் வருணிக்கப் போவதில்லை. அவர் சண்டையிட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ இலேசாக இருந்திருக்கும்.

மறுநாள் வகுப்பில் அவனிடம் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். அவசரத்தில் அதுவும் 'க்ஷமிஞ்சண்டி' என்றே வந்தது. வகுப்பு சிரித்தது, அவனும் சிரித்தான். அத்துடன் எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணவேண்டா. முதல் பாடவேளையில் என்னிடம் ஓடிவந்து கணக்கைக் காட்டும் வழக்கத்தை அவன் அதோடு விட்டுவிட்டான்.

பிரம்பை எடுத்தது சரியே. ஆனால் எடுத்த இடத்தில் எதை வைத்தோம்? இதுதான் ஆசிரியர்களின் உண்மையான முறையீடு. "எங்கள் கையைக் கட்டிவிட்டார்கள்" என்று ஆசிரியர் அறையில் முதியவர் ஒருவர் நாள்தோறும் சொல்வார். அடிக்கத் துடித்தவர் அல்லர் அவர். முப்பது ஆண்டுகளாகக் கையில் இருந்த கருவியை வாங்கிக்கொண்டவர்கள் வேறொன்றும் தரவில்லையே என்றுதான் அவருக்கு வருத்தம். வகுப்பை நடத்துவது ஒரு கலை. அதைப் பழக்கித் தரவேண்டும். பி.எட். படிப்பை 2015 முதல் ஈராண்டாக்கினார்கள். ஆனால் என்னைப்போல் அந்தப் படிப்பின் வாசலையும் மிதியாத பட்டதாரிகளைக் குறைந்த சம்பளத்துக்கு அமர்த்திக்கொள்ளும் பள்ளிகள் நகரெங்கும் உண்டு. காலையில் நேர்காணல், பிற்பகலில் வகுப்பு. எனக்கு நடந்தது அப்படித்தான்.

அரசுப் பள்ளி ஆசிரியரின் துன்பம் வேறு வகை. பள்ளிக்கு வெளியே உள்ள வேலைகளுக்கு ஆசிரியரை அனுப்பலாகாது என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. அச்சட்டமே மக்கள்தொகைக் கணக்கு, பேரிடர் உதவி, தேர்தல் என்று கதவைச் சற்றே திறந்தும் வைக்கிறது. 2024 நவம்பரில் தெலங்கானாவில் வீடுவீடாகக் குடும்பக் கணக்கெடுப்பு நடந்தபோது தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் பெருந்திரளாக அனுப்பப்பட்டனர்; அவர்கள் பள்ளிகள் சில வாரங்கள் அரைநாளோடு நின்றன. பிற்பகல் முழுதும் படியேறி இறங்கியவர் மறுநாள் காலையில் என்ன பொறுமையோடு வகுப்புக்குள் வருவார்?

இவற்றைவிட அஞ்சத்தக்கது ஒன்று உண்டு. வகுப்பறைக்குச் சுவர் இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம், உண்மையில் இல்லை. தெருவில் உள்ளது எல்லாம் உள்ளே வந்துவிடுகிறது. 2012 பிப்ரவரி 9 அன்று சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் ஆசிரியையை வகுப்பறையிலேயே குத்திக் கொன்றான். குறிப்பேட்டில் அவனைப்பற்றிப் பெற்றோர்க்கு எழுதியனுப்பியதே காரணம் என்று அன்று செய்திகள் வந்தன. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை, அவன் தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்தவன் என்பதற்காக, உடன்படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு மாணவன் உடன்பயிலும் மாணவனை வகுப்பில் அரிவாளால் தாக்கினான். குறுக்கே விழுந்த ஆசிரியையும் காயமுற்றார். எட்டாம் வகுப்பு! நான் கணக்குச் சொல்லிக் கொடுத்த அதே வயது.

நாங்குநேரிக் கொடுமைக்குப் பின் தமிழ்நாடு அரசு நீதியரசர் கே. சந்துரு தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை தந்தார். சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் கையில் கட்டலாகாது, பள்ளிப் பெயர்களில் சாதிச் சொற்கள் இருக்கலாகாது, ஐந்நூறுக்கு மேற்பட்ட மாணவர் உள்ள பள்ளிகளுக்கு நல அலுவலர் ஒருவர் வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளுட் சில. கயிற்றைப் பற்றிச் சிலர் ஏளனம் செய்தனர். ஏளனம் செய்தவர் நம் தென்மாவட்டப் பள்ளிகளில் படித்தவராக இருக்க முடியாது. எந்த நிறக் கயிறு எந்தப் பெஞ்சில் உட்காரும் என்பது எனக்குத் தெரியும். நானும் அங்கே படித்தவன்தான். அந்த வகுப்புகளும் அமைதியாகத்தான் இருந்தன. ஆசிரியர் உள்ளே வந்தால் ஊசி விழுந்தால் கேட்கும். அந்த அமைதியை 'ஒழுங்கு' என்று எழுதி மதிப்பெண் போட்டார்கள்.

செல்போனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதலாம், எழுதப் போவதில்லை. பிரான்சு 2018-இல் பள்ளிகளில் அதற்குத் தடை விதித்தது. ஆந்திரப் பிரதேசம் 2023-இல் மாணவரோடு ஆசிரியரையும் சேர்த்தே வகுப்பறையில் தடுத்தது. பின்னது நேர்மையான செயல் என்பேன். ஆசிரியர் அறையில் நாங்கள் செய்ததும் குனிந்து திரையைப் பார்த்ததுதானே?

வேறு வழி தேடிப் பழைய கதை ஒன்றைப் படித்தேன். ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789 முதல் சென்னை எழும்பூரில் ஓர் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்தினார். ஆசிரியர் போதவில்லை. நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டவர், தம் பள்ளியிலும் அதைப் புகுத்தி, மூத்த மாணவனைக்கொண்டு இளையவர்க்குக் கற்பித்தார். திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை முறைக்கு அது உடன்பிறப்பு. தவறு செய்த மாணவனை மாணவர் குழுவே விசாரிப்பதும் உண்டு. ஊர் திரும்பி 1797-இல் இதை அவர் நூலாக்க, 'சென்னை முறை' என்ற பெயரில் அஃது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பெயரோடு ஒரு பள்ளி இன்றும் இருக்கிறது.

எழும்பூரில் விளைந்தது அமீர்பேட்டில் விளையாதா என்று ஊக்கம் கொண்டு, ஐம்பத்திரண்டு பேரை எட்டுக் குழுவாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவனை அமர்த்தினேன். என் அறை வாங்கியவனும் ஒரு தலைவன். இரண்டாம் நாள் பார்க்கிறேன்: அவன் கையில் அடிக்கோல். தன் குழுவில் கணக்குத் தவறியவனின் விரல் கணுவில் ஒன்று வைக்கிறான்! நான் கற்றுக் கொடுத்த அல்ஜீப்ராவை மறந்தவன், அந்த ஒரு பாடத்தை மட்டும் மறக்கவில்லை. கோலை வாங்கி வைத்துவிட்டு அவனோடு உட்கார்ந்தேன், "அடிக்காமல் எப்படிச் சொல்லித் தருவது?" என்று மெய்யாகவே கேட்டான். நாங்கள் இருவரும் அதைப்பற்றி ஆண்டு முடியும்வரை பேசிக்கொண்டிருந்தோம். குழு முறை பாதி வெற்றி. கூச்சல் குறையவில்லை. ஆனால் அதில் கணக்கும் கலந்திருந்தது. காது கொடுத்துக் கேட்டால் பின்னமும் அடுக்கும் விழும். தலைமையாசிரியர்க்கு அது பிடிக்கவில்லை. வராந்தாவில் நின்று கேட்பவர்க்கு எல்லாக் கூச்சலும் ஒன்றுதான்.

இப்போது அந்த நூறு பேரிடம் திரும்புவோம். அவர்கள் தாமே தேடி வந்தவர்கள், வளர்ந்தவர்கள், என்ன வேண்டும் என்று அறிந்தவர்கள், பிடிக்காவிட்டால் எழுந்து போகும் உரிமை உடையவர்கள். அந்த ஆசிரியர்க்கு அவர்களில் ஒருவர் பெயரும் தெரிய வேண்டியதில்லை. யார் பசியோடு வந்தார், யார் வீட்டில் நேற்றிரவு சண்டை என்றும் தெரிய வேண்டியதில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளையோ தானாக வந்தவன் அல்லன். எழுந்து போகவும் முடியாதவன். போக முடியாதவனுக்கு மிஞ்சுவது கூச்சல் ஒன்றுதான். பயிற்சிக்கூடத்தின் அமைதியைப் பள்ளிக்குக் கேட்பவர்கள் இந்த வேறுபாட்டை மறக்கிறார்கள். பெற்றோரும் இன்று பள்ளியைப் பயிற்சிக்கூடம்போலவே எண்ணிக் கட்டணம் கட்டுகிறார்கள்; மதிப்பெண் என்ற சரக்கு வராவிட்டால் கடைக்காரரைக் கேட்பதுபோல் ஆசிரியரைக் கேட்கிறார்கள். கடைக்காரரிடம் யாரும் ஒழுங்கு கற்பதில்லை. இன்னொரு பக்கம் தோலையே எழுதித் தரும் தந்தையர். இவ்விருவருக்கும் நடுவில், ஆசிரியரோடு உட்கார்ந்து தன் பிள்ளையைப்பற்றிப் பத்து நிமிடம் பேசும் பெற்றோர், என் ஓராண்டில் ஐம்பத்திரண்டு பேருக்கு நால்வரே வந்தனர்.

தேநீர்க் கடையில் கேட்ட நண்பர் இதைப் படிப்பார் என்று நம்புகிறேன். அவர் இன்னொன்றும் கேட்டார்: "எம்.ஏ. முடித்ததும் நீலகிரிக் கட்டடத்தில் ஏதேனும் கற்றுக்கொண்டு கம்பெனிக்குப் போய்விடுவீர்கள்தானே?" அதற்கும் அன்று விடை சொல்லவில்லை. பி.எட். விண்ணப்பம் அனுப்பியிருக்கிறேன். அதற்கிடையில், பகுதி நேர ஆசிரியர் தேவை என்ற பலகையைக் கண்டு சென்ற வாரம் சஞ்சீவரெட்டி நகர்ப் பக்கம் ஒரு பள்ளிக்குப் போனேன். சம்பளத்தைக் கேட்பதற்கு முன், வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். தலைமையாசிரியை மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "நாற்பத்தெட்டு. ஏன் கேட்கிறீர்கள்?" என்றார். ஆளுக்கு ஐம்பது விநாடி. முன்னைக்கு நான்கு விநாடி கூடுதல். திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.